சாமி மேல் பாரத்தைப் போடுவது: புற்றுநோய் வந்தவர் மனசும் நம்பிக்கையும்

என் பெரியம்மாவுக்கு மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று தெரிந்தது ஒரு ஆடி மாதம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்குக் காதோலை கருகமணி வாங்கி வைத்திருந்த வாரம் அது. சதை டெஸ்ட் ரிசல்ட்டை நான் படித்துச் சொன்னதும் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் யாருக்கு என்னடா கெடுதல் பண்ணினேன்?" அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு, ஒரு மஞ்சள் துணியில் பதினொரு ரூபாய் முடிந்து சாமி மாடத்தில் வைத்தார். "சமயபுரத்தா பாத்துக்குவா. தஞ்சாவூருக்கு என்னிக்கு வரச் சொன்னாங்கன்னு கேளு" என்றார்.

இரண்டு பேச்சும் ஒரே பக்தியிலிருந்து வந்தவைதான். முதல் பேச்சு அவரை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. இரண்டாவது பேச்சு அவரை எழுப்பி பஸ் ஏற்றியது. புற்றுநோய் வந்தவர்களின் மனசைப் பற்றி ஆராய்கிறவர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வருவது இந்த வேறுபாட்டைத்தான். கும்பகோணம், மாயவரம், திருவாரூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு இது அன்றாடம் கண்ணில் படுகிற விஷயம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

கஷ்டம் வரும்போது மனிதர் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். ஒருவர் கணக்குப் போடுகிறார், ஒருவர் வயல் வேலையில் மூழ்குகிறார், ஒருவர் அழுது தீர்க்கிறார். மனநல ஆய்வாளர்கள் இதைச் சமாளிப்பு என்கிறார்கள். அந்தப் பிடிமானம் சாமியாக, ஜெபமாக, தொழுகையாக, நேர்த்திக்கடனாக இருந்தால் அது சமயவழிச் சமாளிப்பு. "சாமி மேல பாரத்தைப் போட்டுட்டேன்" என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட அதேதான்.

இதை அளந்து பார்க்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட். அவரும் கூட்டாளிகளும் 1998-ல் 14 வரிகள் கொண்ட ஒரு சிறிய கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, நம் விஷயத்தில் அது துளியும் இல்லையா, கொஞ்சமா, ஓரளவா, ரொம்பவா என்று சொல்ல வேண்டும். 14-ல் 7 வரிகள் தாங்கிப் பிடிக்கும் வகை. சாமியோடு இன்னும் நெருக்கமாக இருக்கப் பார்த்தேன், அவருடைய அன்பைத் தேடினேன், என் கோபத்தைக் கைவிட அவர் துணையைக் கேட்டேன், அவரும் நானுமாகச் சேர்ந்து இதைச் செய்து முடிக்கப் பார்த்தேன் என்கிற மாதிரி. மற்ற 7 வரிகள் வேறு ரகம். சாமி என்னைக் கைவிட்டுவிட்டாரோ, என் பக்தி போதாது என்று தண்டிக்கிறாரோ, அவருக்கு என் மேல் அன்பு உண்டா, அவரால் எதுவும் முடியுமா, கூடக் கும்பிட்டவர்களே என்னை விட்டுவிட்டார்களோ, இது சாத்தானின் வேலையோ. கடைசியில் உள்ளதை நம் ஊரில் செய்வினை என்போம்.

இந்தக் கேள்வித்தாளில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த ஒன்று உண்டு. பாவ மன்னிப்புக் கேட்பது முதல் ஏழில், அதாவது நல்ல பக்கத்தில் இருக்கிறது. "தெரிஞ்சோ தெரியாமலோ குத்தம் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கம்மா" என்று கையெடுக்கும்போது எதிரே கேட்கிற ஒருத்தி இருக்கிறாள், அவள் மனமிரங்குவாள் என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது. "நீ என்னைத் தண்டிக்கிறே" என்பதில் அந்த இரக்கம் காணாமல் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அழுகையாகத்தான் தெரியும்.

ஆய்வுகள் என்ன காட்டியிருக்கின்றன? தண்டனை, கைவிடல் என்ற இரண்டாம் வகை எண்ணம் அதிகம் உள்ள நோயாளிகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. முதல் வகை ஆறுதல் தருகிறது என்பதற்கும் சான்று உண்டு, ஆனால் அது அவ்வளவு சீராக வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் எளிது: வலியும் பயமும் கூடும்போதுதான் பலர் கூடுதலாகக் கும்பிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து அளந்தால், நிறையக் கும்பிடுகிறவர் நிறைய வருத்தத்தில் இருப்பவராகவே தெரிவார். 2015-ல் 44,000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எத்தனை தடவை வழிபாட்டுக்குப் போனார் என்பதைவிட, அந்த நம்பிக்கை அவருக்கு நிம்மதியையும் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தத்தையும் தந்ததா என்பதே அவர் நலத்தோடு அதிகம் ஒட்டியிருந்தது. ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் சுற்றி வந்துவிட்டு மனசு ஆறாமல் படுத்திருப்பவரும் உண்டு. வாசல் துளசி மாடத்தில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு அமைதியாகத் தூங்குகிறவரும் உண்டு.

இன்னொரு ஆய்வு கொஞ்சம் கலக்கம் தரக்கூடியது. 2001-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த, 55 வயதைத் தாண்டிய 596 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பல வகை நோய் உள்ளவர்கள், புற்றுநோயாளிகள் மட்டும் இல்லை. சாமி கைவிட்டார், அன்பில்லை, சாத்தான் வேலை என்று மருகிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஓரளவு கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு, "நீ இப்படி நினைச்சா செத்துப் போயிடுவே" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் கிடக்கிறவர் தலையில் அது இன்னொரு குற்றமாக ஏறும். ஜெபம் கட்டியைக் கரைக்கும் என்றோ, சந்தேகம் கட்டியை வளர்க்கும் என்றோ எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. மனசு படும் பாட்டையும் ஒரு நோயாகக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

மனசு படும் அந்தப் பாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறையை உருவாக்கிய நியூயார்க் டாக்டர் ஜிம்மி ஹாலண்டும் அவரோடு இருந்தவர்களும், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம் போட்டார்கள். கீழே 0, மேலே 10. "இந்த ஒரு வாரமா உங்க மனசு சங்கடம் எவ்வளவு?" நோயாளி ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினால் போதும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். கூடவே ஒரு பட்டியலும் உண்டு: பணம், பிள்ளைகள், வலி, தூக்கம், சமய நம்பிக்கை சம்பந்தமான கவலை. மனநோய், மனச்சிதைவு என்ற சொற்களைக் கேட்டாலே ஆட்கள் விலகிப் போவதால், சங்கடம் என்று எல்லோரும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்கிற ஒரு சாதாரணச் சொல்லை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். நம் பக்கம் "மனசு சரியில்ல" என்பது அப்படிப்பட்ட சொல். "மனநல டாக்டர்கிட்ட போவோமா" என்றால் முகம் திருப்புகிறவர்கள், "மனசு எப்படிங்க இருக்கு, பத்துக்கு எவ்வளவு போடுவீங்க" என்றால் பதில் சொல்கிறார்கள்.

பெரியம்மா முதல் கீமோவைத் தைரியமாகத்தான் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு பார்க்க வந்த ஒரு உறவுக்காரர், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, "குலதெய்வத்துக்குக் கடா வெட்டறேன்னு சொல்லி நாலு வருஷமா இழுத்தடிச்சீங்களே, அது சும்மா விடுமா" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. ஏதோ ஒரு காரணம் சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு. பெரியம்மா அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மூன்றாம் நாளும் திரும்பவில்லை. இரண்டாவது கீமோவுக்கு நாள் வந்தபோது வரமாட்டேன் என்றார். "தண்டனைக்கு ஏதுடா மருந்து?"

இந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. நோய் என்று நினைத்தால் மருந்து உண்டு. தண்டனை என்று நினைத்தால் அனுபவித்துத் தீர்ப்பதுதான் நியாயம் என்று மனசு சொல்லிவிடும். நோயாளி வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: தெய்வக் குத்தம், முன்வினை, தோஷம், யாரோ வைத்த மருந்து என்று எதையும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள். புற்றுநோய் என்பது உடம்பின் ஏதோ ஒரு செல்லில் மரபணு பழுதாகி, அது அடங்காமல் பெருகுவது. புகையிலை, சில கிருமிகள், வயது, பரம்பரை என்று காரணங்கள் உண்டு. பல பேருக்கு இன்ன காரணம் என்று சொல்லவே முடியாது. வெட்டாத கடாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

என் மனைவி பெரியம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். எட்டு என்று விரல் காட்டினார். நாங்கள் சொன்ன சமாதானம் எதுவும் ஏறவில்லை. கடைசியில் குலதெய்வக் கோயில் பூசாரியையே வீட்டுக்கு அழைத்து வந்தோம். எழுபது வயது இருக்கும் அவருக்கு. வந்து திருநீறு பூசிவிட்டு, தரையில் உட்கார்ந்து சொன்னார்: "ஏம்மா, புள்ள ஒரு தீவாளிக்குப் பொடவ எடுத்துத் தரலேன்னா எந்த ஆத்தாவாச்சும் அது நெஞ்சுல கட்டிய வெப்பாளா? அவ என்ன அவ்வளவு ஈனப்பட்டவளா? போயி ஊசிய போட்டுக்கிட்டு வா." பெரியம்மா அழுதார். மறுநாள் கிளம்பினார்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே ஆன்மிக ஆலோசகர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். சாமி பேரால் விழுந்த முடிச்சைச் சாமி பேச்சாலேயே அவிழ்ப்பது சில சமயம் சுலபம் என்பதே அதன் அடிப்படை. நம்மிடம் அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்: பூசாரி, குருக்கள், பங்குச் சாமியார், பள்ளிவாசல் ஹஜ்ரத். நல்ல மனசும் நிதானமும் உள்ள ஒருவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிகாரச் செலவுப் பட்டியல் போடுகிறவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

சாமி மேல் கோபம் வந்துவிட்டதே, இது பாவமோ என்று சிலர் தனியாக மருகுவார்கள். அவர்களுக்குத் திருவாரூர்க் கதையை நினைவூட்டலாம். கண் பார்வை போன சுந்தரர் அந்தக் கோயிலில் நின்று, உமக்கே ஆளாக இருக்கிறவர்கள் இப்படி வாடிக் கிடந்தால் நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று தியாகராசரிடம் சண்டை போட்டார். அந்தச் சண்டை தேவாரத்தில் இருக்கிறது, இன்றைக்கும் ஓதப்படுகிறது. உரிமை இருக்கிற இடத்தில்தான் சண்டை வரும். கோபப்பட்டுத் திட்டுகிறவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். கவலைப்பட வேண்டியது, கோபம் மாசக்கணக்கில் தங்கி, ஆள் பேச்சையே நிறுத்திக்கொள்ளும்போது.

பார்கமென்ட் இன்னொரு பிரிவும் செய்தார், அது நமக்கு ரொம்பப் பொருந்தும். கஷ்டத்தில் சிலர் "நானே பாத்துக்கறேன்" என்பார்கள். சிலர் "எல்லாம் அவன் பாத்துக்குவான்" என்பார்கள். சிலர் "அவனும் நானுமா பாத்துக்கறோம்" என்பார்கள். பொதுவாக மூன்றாவதுதான் நன்றாக நடக்கிறது. ஆனால் இரண்டாவதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காக ஒரு வாரம் காத்திருக்கும்போது நம் கையில் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. அந்த ஒரு வாரம் "அவன் பாத்துக்குவான்" என்று படுத்துத் தூங்குவது மருந்து. கீமோவுக்கு நாள் குறித்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தால் அது ஆபத்து.

வைத்தீஸ்வரன்கோயில் சாமியே வைத்தியநாதர். வேளாங்கண்ணி மாதாவே ஆரோக்கிய அன்னை. நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூர் தர்காவும் தெற்கே வேளாங்கண்ணியும். இரண்டு இடத்துக்கும் எல்லா சாதி சமயத்துக்காரர்களும் உடம்பு சுகத்துக்காகப் போகிறார்கள். வைத்தியத்தையும் வழிபாட்டையும் எதிரெதிரே நிறுத்தாத மண் இது. டாக்டர்களும் அதை உணர்ந்து பேசினால் நல்லது. "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டால், நோயாளி நிறுத்துவது பெரும்பாலும் கோயிலை இல்லை, ஆஸ்பத்திரியை.

உடம்பு சம்பந்தமாகச் சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை பொதுவாக ரத்தத்தில் வெள்ளை அணு மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் திருவிழாக் கூட்டம், குளத்தில் முழுக்கு, கையில் வாங்கிக் குடிக்கும் தீர்த்தம், நேரம் ஆன பிரசாதம் வேண்டாம். வைத்தீஸ்வரன்கோயிலில் பிரசாதமாகத் தரும் திருச்சாந்துருண்டையை அந்தச் சமயம் பூஜையில் வைத்துக்கொண்டு, எப்போது உட்கொள்ளலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விரதம், நாள், நட்சத்திரம் பார்க்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரி.

விரதம்தான் பெரிய போராட்டம். மாசிக் கடைசி ஞாயிறில் சமயபுரத்தில் பச்சைப் பட்டினி விரதம் தொடங்கும், 28 நாள். பெரியம்மா வருஷா வருஷம் இருப்பவர். மருந்து நடந்துகொண்டிருந்த அந்த வருஷமும் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எடை ஏற்கெனவே ஆறு கிலோ இறங்கியிருந்தது. அந்த விரதத்தின் கதையே என் மனைவிக்குத் துணைக்கு வந்தது. அது அம்மனே பக்தர்களுக்காக இருக்கிற பட்டினி. "அத்தை, அவளே உங்களுக்காகப் பட்டினி கெடக்கறா. நீங்களும் கெடந்தா அவ கெடக்கறதுக்கு என்ன அர்த்தம்?" பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு இட்லி வையி" என்றார். வேண்டுதலைத் தள்ளிப்போடவும் நம் வழக்கத்திலேயே இடம் இருக்கிறது. காசு முடிந்து வைப்பது அதற்குத்தானே. கடன் இருக்கிறது, உடம்பு தேறியதும் தீர்க்கிறேன் என்று சாமிக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு அது.

முதல் கீமோவுக்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். முடி கொட்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாக வரும், பயந்துவிடாதீர்கள் என்று. பெரியம்மாவுக்கு இடுப்பு வரை முடி. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவர், "மருந்து புடுங்கிக்கறதுக்கு முந்தி நானே அவளுக்குக் குடுத்துடறேன்" என்று சொல்லி சமயபுரத்துக்குக் கிளம்பினார். டாக்டரிடம் கேட்டோம். கீமோவுக்கு முன்னால் என்றால் சரி, புது பிளேடு, தலையில் கீறல் படக்கூடாது என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்க, ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். பறிபோகிற ஒன்றைக் காணிக்கையாக மாற்றிவிட்டார் அவர். எந்தக் கேள்வித்தாளும் சொல்லிக்கொடுக்காமல் அவருக்கே தோன்றியது இது.

நம்பிக்கை எப்போதும் சாவை ஏற்க வைக்கும் என்று நினைக்க வேண்டாம். முற்றிய புற்றுநோய் உள்ள 345 பேரைக் கவனித்து 2009-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சாமியைப் பலமாகப் பற்றிக்கொண்டவர்களே கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் போன்ற தீவிர சிகிச்சையைக் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். அற்புதம் வர வழி திறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். "இனி ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் சொல்லும்போது "மாதா கைவிட மாட்டா" என்று குடும்பம் சொன்னால், அங்கே வாதம் பண்ணிப் பயனில்லை. "அற்புதம் நடக்கட்டும், நானும் ஆசைப்படறேன். அது வர்ற வரைக்கும் அவருக்கு வலி இல்லாம, மூச்சு முட்டாம பாத்துக்குவோமா?" என்று கேட்கும் டாக்டரை நான் பார்த்திருக்கிறேன். வலித்தணிப்பு சிகிச்சைக்கு அந்தக் குடும்பம் அன்றைக்கே சம்மதித்தது.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலதான். "சாமி கும்பிடும்போது மனசுக்கு எப்படி இருக்கு?" "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" "கோயிலுக்குப் போக முடியலையேன்னு இருக்கா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஏன் எனக்கு வந்தது என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியலையே பெரியம்மா" என்பது போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மருந்தை மறுத்தால், நான் இருந்து என்ன என்று பேச ஆரம்பித்தால் பூசாரி மட்டும் போதாது. புற்றுநோய் பார்க்கும் டாக்டரிடமே சொல்லுங்கள், அவர் மனநல டாக்டரிடம் அனுப்புவார். ராத்திரி நேரமாக இருந்தால் 14416-க்கு போன் பண்ணலாம். அரசின் டெலி மானஸ் சேவை அது, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மஞ்சள் துணி முடிச்சு இன்னும் மாடத்தில்தான் இருக்கிறது. இப்போது மாத்திரை மட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். போன வாரம் என் மனைவி எண்ணெய் தேய்த்துவிடும்போது பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். "மூணு. செக்கப்புக்கு முந்தின நாள் மட்டும் அஞ்சு" என்றார்.